தூர்வாரிய வண்டலைத் திறந்த நீரில் கொட்டினால் நீரின் தரத்துக்கு என்ன ஆகிறது?

துறைமுகக் கால்வாயில் தூர்வாரி எடுக்கும் சேற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் திறந்த நீரில் கொட்டுகிறார்கள், கொட்டிய இடத்தில் எழும் கலங்கல் சில மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது, அப்படியிருக்க நீரின் தரம் கெடுகிறது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது கேள்வி. கலங்கல் தெளிந்துவிடுவது உண்மைதான். ஆனால் கலங்கலை மட்டும் வைத்து இந்த விஷயத்தை எடைபோடக் கூடாது. அந்தச் சேறு அடியில் படிந்த பிறகு, அதற்கும் அதன் மேல் நிற்கும் நீருக்கும் இடையே மாதக்கணக்கில் நடக்கும் கொடுக்கல் வாங்கலே பெரும்பாலான இடங்களில் கவலைக்குரியது. பொதுப்படையாகப் பேசாமல், இந்தக் கேள்வி நீண்ட காலம் தீவிரமாக விவாதிக்கப்பட்டு, கடைசியில் சட்டமாகவும் ஆகிவிட்ட ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வட அமெரிக்காவில் உள்ள ஈரி ஏரியின் மேற்கு மூலையில் அமைந்த டொலீடோ துறைமுகம்தான் அது.

ஈரி ஏரி ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது. அதன் சராசரி ஆழம் 19 மீட்டர். அதிலும் மேற்குப் பகுதி மிகவும் ஆழமற்றது, சராசரியாக 7 அல்லது 8 மீட்டர்தான். அந்த ஆழமற்ற பகுதியில்தான் மௌமி ஆறு வந்து விழுகிறது. மௌமியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒரு காலத்தில் பெரும் சதுப்புக்காடு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதை வடித்து விளைநிலமாக்கினார்கள். இன்று அங்கே மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்றன. நிலத்தடியில் பதித்த வடிகுழாய்கள் ஒவ்வொரு மழைக்கும் வயல் நீரை ஓடைகளுக்கு அனுப்புகின்றன. மென்மையான களிமண்ணும் அதில் ஒட்டிய உரச்சத்தும் ஆற்றோடு வந்து முகத்துவாரத்தில் படிகின்றன. கப்பலுக்குத் தேவையான ஆழமோ ஏறத்தாழ எட்டரை மீட்டர். ஆகவே ஏரிக்குள் ஏறக்குறைய 29 கிலோமீட்டர் நீளத்துக்கும், ஆற்றுக்குள் 11 கிலோமீட்டர் நீளத்துக்கும் ஒரு பள்ளத்தை வெட்டி, அதைத் தூராமல் காத்து வரவேண்டியிருக்கிறது. இயற்கையாக அமைந்த ஆழத்தைவிட ஆழமான பள்ளம் எதுவும் தானாகத் தூர்ந்துகொண்டேதான் இருக்கும். ஐம்பெரும் ஏரிகளின் துறைமுகங்களிலேயே மிக அதிகமாகத் தூர்வாரப்படுவது டொலீடோதான்; ஆண்டுக்கு 6 லட்சம் கன மீட்டர் அளவில் சேறு எடுக்கப்படுகிறது. இதில் பெரும்பகுதி பல ஆண்டுகள் ஏரிக்குள்ளேயே சில மைல் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டப்பட்டது.

கொட்டும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சேறு ஏற்றிய மிதவையின் அடிப்பக்கம் இரண்டாகத் திறந்துகொள்ள, உள்ளிருக்கும் முழுப் பாரமும் ஒரே திரளாகக் கீழே இறங்குகிறது. நீரைவிடக் கனமான அந்தத் திரள், வழியில் சுற்றியுள்ள நீரையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு, சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் அடித்தரையில் மோதுகிறது. மோதியதும் பக்கவாட்டில் வட்டமாகப் பரவி, வேகம் இழந்து, ஒரு மெத்தைபோலப் படிகிறது. இறங்கும் வழியில் உரிந்து மேல்நீரில் தங்குவது மொத்தத்தில் பொதுவாக 1 முதல் 5 விழுக்காடு வரைதான். படகிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் பழுப்பு மேகம் இந்தச் சிறு பங்கே. மீதி முழுவதும் அடியில்தான் இருக்கிறது. குழாய் வழியாகச் சேற்றைக் கூழாக்கி இறைக்கும் முறையில் கதை மாறுகிறது. அதில் நீரின் பங்கு அதிகம் என்பதால், திரளாக இறங்காமல், அடித்தரையை ஒட்டி நகரும் அடர்ந்த கூழாக வெகுதூரம் பரவக்கூடும். எனவே எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் எந்த முறையில் கொட்டுகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கலங்கலாலும் தீங்கு உண்டு. நீருக்குள் இறங்கும் ஒளி குறைகிறது. மீன்முட்டைகள் மேல் மென்துகள் படிகிறது. மட்டிகளின் செவுள் அடைபடுகிறது. கடற்புல்லும் பவளமும் இருக்கும் இடத்தில் இதுவே தலையாய கேடாகிவிடும், ஏனெனில் அவை ஒளியை நம்பி வாழ்பவை, நகரவும் முடியாதவை. ஆஸ்திரேலியா 2015-இல், புதிதாக ஆழப்படுத்தும் பணிகளில் வரும் மண்ணைப் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடற்பூங்காவுக்குள் கொட்டுவதைத் தடைசெய்ததற்கு இந்த அச்சம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே பலத்த காற்று ஒரு நாள் வீசினாலே அந்தப் பகுதி முழுவதும் பழுப்பாகிவிடும். அங்குள்ள உயிரினங்கள் கலங்கலுக்குப் பழகியவை. அந்த இடத்தில் கலங்கலை மட்டும் காட்டி வாதாடினால் அந்த வாதம் நிற்காது.

சேற்றுக்குள் இருக்கும் வேதியியலைப் புரிந்துகொள்ள, ஊர்க் குளத்தின் அடிச்சேற்றில் ஒரு கை எடுத்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, மேலே குளத்து நீரை மெல்ல ஊற்றிச் சில நாள் வைத்துப் பாருங்கள். எடுக்கும்போது சேறு கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாள் செல்லச் செல்ல, நீரைத் தொடும் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் மட்டும் துருப்பிடித்த பழுப்பாக மாறும். அதற்குக் கீழே கறுப்பு அப்படியே இருக்கும். கறுப்புக்குக் காரணம் இரும்பு சல்பைடு. ஆக்சிஜன் இல்லாத இடத்தின் அடையாளம் அது. பழுப்பு என்பது ஆக்சிஜன் பட்டுத் துருவாக மாறிய இரும்பு. அந்த மெல்லிய பழுப்பு ஏடுதான் சேற்றுக்குப் போட்ட மூடி. துருவான இரும்பு பாஸ்பேட்டையும் (பாஸ்பரஸ் என்ற உரச்சத்தின் ஒரு வடிவம்) பல உலோகங்களையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏடு இருக்கும்வரை கீழே கரைந்திருப்பவை மேலே கசிவது கடினம். மேல்நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் துரு கரையும். பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் அதோடு அவிழ்ந்து நீருக்குள் வரும்.

தூர்வாருதல் இந்தக் கறுப்புச் சேற்றைப் புரட்டி எடுத்து ஆக்சிஜன் உள்ள நீருக்குள் தள்ளுகிறது. உடனே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சல்பைடும் கரைந்த இரும்பும் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. கொட்டிய இடத்தின் அடிநீரில் ஆக்சிஜன் சிறிது நேரம் சரிகிறது. அதே வேளையில் இரும்பு துருவாக மாறி, சேற்றின் இடுக்கு நீரிலிருந்து (துகள்களுக்கு இடையே தங்கிய நீரிலிருந்து) வெளிவந்த பாஸ்பேட்டையும் உலோகங்களையும் பெருமளவு திரும்பவும் பிடித்துக்கொண்டு கீழே போகிறது. துறைமுகக் கால்வாய்களைத் தூர்வாரும் பொறுப்புடைய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1973 முதல் 1978 வரை மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கிலுள்ள தன் ஆய்வு நிலையத்தை மையமாகக் கொண்டு நடத்திய பெரிய ஆராய்ச்சித் திட்டத்தின் முக்கிய முடிவுகளில் ஒன்று இதுவே: கொட்டும் நேரத்தில் மேல்நீருக்குள் கரைந்து வரும் நச்சுப்பொருள் பொதுவாகக் குறைவு, அதுவும் கொஞ்ச நேரமே நீடிக்கிறது. அதற்காக அவர்கள் பரவலாக்கிய சோதனை எளிமையானது. ஒரு பங்கு சேற்றை நான்கு பங்கு நீரில் போட்டு அரை மணி நேரம் குலுக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை வடிகட்டி, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சேற்றில் மொத்தம் எவ்வளவு நச்சு இருக்கிறது என்ற எண்ணைவிட, அதில் எவ்வளவு நீருக்குள் இறங்கும் என்ற எண் பயனுள்ளது என்பதை இந்தச் சோதனை நிலைநாட்டியது. நல்ல சோதனைதான், ஆனால் அது ஒன்றரை மணி நேரத்துக் கதையை மட்டுமே சொல்லும். அதன் முடிவைக் கொண்டு ஒன்றரை ஆண்டுக் கதையையும் சொல்லிவிட முயல்வதை அறிக்கைகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பொதுவிதிக்கு அடங்காத பொருள் ஒன்று உண்டு, அது அம்மோனியா. இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளாது. சேற்றின் இடுக்கு நீரில் ஏராளமாகச் சேர்ந்திருப்பதும் அதுவே. குலுக்கல் சோதனையில் பெரும்பாலும் முதலில் எல்லை மீறித் தென்படுவதும் அதுதான். அம்மோனியாவின் நஞ்சு அதன் அளவைப் பொறுத்தது மட்டுமில்லை, நீரின் காரத்தன்மையையும் (அதைக் காட்டும் அளவு பிஎச்) பொறுத்தது. 25 பாகை செல்சியஸில், பிஎச் 7-ஆக இருக்கும்போது மீனைக் கொல்லக்கூடிய வடிவில் இருப்பது மொத்த அம்மோனியாவில் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். பிஎச் 8-இல் அது ஏறத்தாழ 5 விழுக்காடு. 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பாசி மண்டிய ஏரியில் நண்பகலில் பிஎச் 9-ஐத் தொடுவது சாதாரணம். அதே சேறு, அதே அளவு, அதே இடம். குளிர்ந்த மாதத்தில் ஒன்றும் ஆகாமல் போவது, பாசிக்காலத்து நண்பகலில் மீனுக்கு ஆபத்தாகலாம்.

இனி பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ். ஈரி ஏரியில் சண்டை முழுவதும் இதைப் பற்றியதுதான். 2014 ஆகஸ்ட் 2-ஆம் நாள் டொலீடோ நகரம் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தது. ஏரியில் மண்டிய நீலப்பச்சைப் பாசி வெளியிட்ட மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சு, சுத்திகரித்த நீரில், லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. கொதிக்க வைத்தும் பயனில்லை. கொதித்து நீர் வற்றினால் நஞ்சு செறியத்தான் செய்யும். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மூன்று நாள் புட்டி நீருக்காக வரிசையில் நின்றார்கள். கண்ணெதிரே ஏரி பச்சை வண்ணக்குழம்பாகக் கிடக்கும்போது, அதே ஏரியில் அரசே ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் உரச்சேற்றைக் கொட்டுகிறதே என்ற கோபம் எழாமல் இருக்குமா? அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் கோபம் சுட்டிய காரணம் சரியானதா என்பது தனிக் கேள்வி. பொறியாளர் படை ஏற்பாடு செய்து அதே 2014-இல் வெளியான ஆய்வு, ஏரியில் கொட்டும் சேற்றால் பாசி மண்டுவதில் அளவிடத்தக்க விளைவு இல்லை என்ற முடிவுக்கு வந்தது. கொட்டுபவரே செய்வித்த ஆய்வு என்பதால் அதைத் தள்ளிவிடலாம் என்று சிலர் வாதிட்டார்கள். நான் அப்படித் தள்ளமாட்டேன், ஏனென்றால் அதன் அடிப்படை வேதியியல் மேலே சொன்ன குடுவைப் பாடத்தோடு ஒத்துப்போகிறது. சேற்றிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி துகளோடு இறுகியது, பாசியால் உடனே உண்ண முடியாதது. பாசி விரும்புவது நீரில் கரைந்த பாஸ்பரஸை. அது மௌமி ஆற்றில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து ஏறிக்கொண்டே வந்தது. மார்ச் முதல் ஜூலை வரை ஆறு கொண்டுவரும் சுமையைக் கொண்டே அந்தக் கோடையில் பாசி எவ்வளவு மண்டும் என்று முன்கூட்டிக் கணிக்கிறார்கள், கணிப்பு பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. அமெரிக்காவும் கனடாவும் 2016-இல் பாஸ்பரஸ் சுமையை 2008-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 விழுக்காடு குறைப்பது என்று இலக்கு வகுத்தபோது குறிவைத்தது வயல்களிலிருந்து வரும் நீரைத்தான். கொட்டிய சேறு முதல் குற்றவாளி இல்லை.

முதல் குற்றவாளி இல்லை என்பதால் குற்றமே இல்லை என்றும் ஆகிவிடாது. மேற்குப் பகுதி ஆழமற்றது என்பதால் காற்று வழக்கமாக அடிவரை நீரைக் கலக்கி ஆக்சிஜன் ஊட்டிவிடும். சேற்றின் பழுப்பு ஏடு காப்பாற்றப்படும். ஆனால் காற்றே இல்லாத வெப்பமான சில நாட்கள் தொடர்ந்தால், மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் பிரிந்து நிற்க, அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். இது வெறும் ஊகமில்லை. 1953 செப்டம்பரில் அப்படி ஓர் அமைதியான காலத்தில், அடிச்சேற்றில் வளை தோண்டி வாழும் ஈசல் போன்ற பூச்சியின் இளம்புழுக்கள் மேற்குப் பகுதி முழுவதும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அந்தப் பூச்சியினம் மீண்டும் தலையெடுக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. இப்போது கோடை இரவுகளில் அவை கூட்டமாகக் கிளம்பும்போது வானிலை ரேடாரில் மேகமாகத் தெரிகின்றன. கரையோர ஊர்களில் தெருவிளக்கின் கீழ் குவியும் அவற்றை வாரித் தள்ளுகிறார்கள். அங்கே அடிநீரின் நலத்துக்கு இந்தப் பூச்சிகளைவிட நேர்மையான சாட்சி கிடையாது. சத்து மிகுந்த புதுச்சேற்றை அந்த ஏரிப்படுகையில் ஆண்டுதோறும் பரப்புவது, இப்படிப்பட்ட அமைதி நாட்களில் ஆக்சிஜனை உண்ணும் வாயைப் பெரிதாக்குகிறது. சராசரி ஆண்டுக்குப் போட்ட கணக்கில் அந்த நாட்கள் மறைந்துவிடும். ஏரியோ அந்த நாட்களில்தான் சாகிறது.

காலம் குறிப்பதிலும் ஓர் இக்கட்டு உண்டு. ஈரி ஏரியின் மீன்வளத்துக்கு உயிர்நாடியான வாலாய் மீன் வசந்தத்தில் மௌமியில் ஏறி முட்டையிடும். அதைக் காப்பதற்காக மார்ச் நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை நீருக்குள் வேலை செய்வதைத் தவிர்க்கச் சொல்வார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். மிஞ்சுவது ஜூலை முதல் இலையுதிர்காலம் வரை, அதுதான் பாசிக்காலம். மீன்முட்டையைக் காக்கப் போட்ட வேலி, கொட்டும் வேலையைப் பாசியின் பருவத்துக்குள் தள்ளிவிட்டது. இதில் யாரையும் குறைசொல்ல முடியாது, ஆனால் இந்த நெருக்கடியை ஒளிக்கவும் கூடாது.

உரச்சத்து ஒரு பக்கம் என்றால், தொழிற்சாலை நச்சு மறுபக்கம். அதே ஏரியின் கரையில் டொலீடோவுக்குக் கிழக்கே உள்ள கிளீவ்லாந்தில், குயாஹோகா ஆற்றின் சேற்றில் பிசிபி எனப்படும் நீடித்த நச்சு இருந்தது. அது நீரில் ஏறக்குறைய கரையாது. மென்துகளையும் கொழுப்பையும் பற்றிக்கொள்ளும். ஆகவே நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. புழு சேற்றைத் தின்னும், சிறுமீன் புழுவைத் தின்னும், பெருமீன் சிறுமீனைத் தின்னும். ஒவ்வொரு படியிலும் நச்சு செறிந்து, கடைசியில் மனிதர் தட்டுக்கு வரும். அந்தச் சேற்றின் ஒரு பகுதியை ஏரியில் கொட்டப் பொறியாளர் படை விரும்பியது, இந்த இரு நகரங்களும் அமைந்த ஒஹாயோ மாநிலம் அனுமதி மறுத்தது, 2015-இல் விவகாரம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் 2017-இல் மாநிலத்துக்குச் சாதகமாக முடிந்தது. மாநிலத்தின் நிலைப்பாடே சரி என்பது என் கருத்து. பிசிபி போன்ற பொருளுக்கு, நீருக்குள் எவ்வளவு கரைகிறது என்ற சோதனை போதவே போதாது. உயிருள்ள புழுவை அந்தச் சேற்றில் பல நாள் வாழவிட்டு, அதன் உடலில் எவ்வளவு ஏறியது என்று பார்க்கும் சோதனைதான் பேச வேண்டும். நியூயார்க்குக்கு வெளியே கடலில் பல்லாண்டு சேறு கொட்டிய தளத்தை 1997-இல் மூடி, அதன்மேல் தூய மண்ணைக் குறைந்தது ஒரு மீட்டர் கனத்துக்குப் போர்த்தும் பணியைத் தொடங்கினார்கள். கொட்டும்போது மிச்சப்படுத்திய செலவு பிறகு போர்வையாகத் திரும்பி வந்தது.

டொலீடோவைப் பொறுத்தவரை, ஒஹாயோ சட்டமன்றம் 2015-இல் ஒரு சட்டம் இயற்றியது. உறைந்த நிலத்தின்மேல் சாண உரம் தெளிப்பதைக் கட்டுப்படுத்திய அதே சட்டம், தூர்வாரிய சேற்றை ஈரி ஏரியில் கொட்டுவதை 2020 ஜூலை 1 முதல் நிறுத்தச் சொன்னது. இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தது பொருத்தமான செயல் என்பேன். வயலில் தப்பிய மண்தானே கால்வாயில் சேறாகிறது. பாசிக்கு முதல் காரணம் சேறு இல்லை என்றால் தடை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஏரிக்குள் வரும் மற்ற சுமைகளைக் குறைக்க ஆயிரக்கணக்கான விவசாயிகளின் ஒத்துழைப்பு வேண்டும், அது பல ஆண்டு வேலை. கொட்டுவதை நிறுத்துவதோ கையெழுத்துப் போட்டால் நடப்பது. மேலும், ஆறு ஏரிக்குக் கொண்டுவந்த சத்தைக் கையில் அள்ளி எடுத்த பிறகு, அதைத் திரும்பவும் ஏரிக்கே கொடுப்பதற்கு மலிவு என்பதைத் தவிர வேறு நியாயம் இல்லை.

செலவுதான் மீதி இருக்கும் உண்மையான தடை. கரையில் மதில் கட்டிச் சேற்றை அடைத்து வைப்பது ஏரியில் கொட்டுவதைவிடப் பலமடங்கு செலவு பிடிக்கும். அடைக்கும் இடமும் நிறைந்துகொண்டே வரும். அதனால் டொலீடோவில், சேற்றை வடித்து உலர்த்தி விளைநில மண்ணாகப் பயன்படுத்த முடியுமா என்று பாத்தி கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டலை வாரி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிக்கும் நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. கண்மாய் வண்டல் வெயிலில் காய்ந்து வெடித்த பிறகு வெட்டி எடுக்கப்படுகிறது. துறைமுகச் சேறு பாதிக்கு மேல் நீராகவே வருகிறது. அதை வடிக்கும்போது ஓடிவரும் நீரில் மேலே சொன்ன அம்மோனியாவும் மென்துகளும் இருக்கும். அந்த வடிநீர் எந்த ஓடையில் விடப்படுகிறது, விடுவதற்கு முன் எத்தனை நாள் தேக்கி வைக்கப்படுகிறது, அதன் அளவுகளை யார் எடுத்து யாருக்குக் காட்டுகிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேற்றைக் கரையேற்றியதோடு நீரின் தரம் பற்றிய கேள்வி தீர்ந்துவிடுவதில்லை, அது அந்த ஓடைக்கு இடம் மாறுகிறது.